ஐம்பதைத் தாண்டிய மூச்சு

மூன்றாவது மாடித் திருப்பம் வந்ததும் பெரியவள் கைப்பையைத் திறந்து சாவி தேடுவாள்.

அம்மாவின் வீடு நான்காவது மாடியில். அந்த வீட்டுச் சாவி பெரியவளிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இல்லாத சாவியைத் துழாவுகிற அந்த நாற்பது விநாடியில் இளைப்பு அடங்கிவிடும். பிறகு நிதானமாக மேலே ஏறி, மணியடித்து, ஒன்றுமே நடக்காத முகத்தோடு உள்ளே போவாள். லிப்ட் வேலை செய்யாத ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் இதே நாடகம்தான்.

அன்றைக்கும் பையைத் திறந்துகொண்டு நின்றாள். கீழேயிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டு தங்கை பஞ்சு வந்தாள்.

"என்னக்கா, பைக்குள்ள புதையலா?"

கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. மிச்சப் படிகளையும் தாவிவிட்டாள். அதுவும் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே!

பெரியவள் பையைப் படக்கென்று மூடினாள்.

உள்ளே போனால் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "பாருடி பெரியவளே! லிப்ட் ரிப்பேர்னு போன்ல சொன்னேன். சட்டையே பண்ணாம ஓடி வந்திருக்கா. பதினாலு தடவை ஆஸ்பத்திரியில படுத்து எழுந்த பொண்ணு!"

"நானும்தாம்மா ஏறி வந்தேன்."

"உனக்கென்ன, நீ கல்லு மாதிரி."

கல்லு மாதிரி. நாற்பத்தொரு வயதில் இந்தப் பட்டத்தை எத்தனை முறை வாங்கியிருப்பாள் என்று பெரியவளுக்கே கணக்கில்லை.

வீட்டில் இரண்டு பேருக்குமே இளைப்பு உண்டு. ஆனால் பெரியவளுடையது சாது. மாடி ஏறினால் வரும், சொன்ன பேச்சு கேட்டுப் போய்விடும். சின்னவளுடையது அப்படியில்லை. கொஞ்சம் தூசி, கொஞ்சம் சளி, ஜன்னல் வழியே கொஞ்சம் புகை, ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், ராட்சசன் மாதிரி மார்பில் ஏறி உட்கார்ந்துவிடும். எடையே இல்லாமல் இருந்ததால்தான் அவளுக்குப் பஞ்சு என்று பெயர் வந்தது. ஜன்னலோரப் படுக்கை பஞ்சுவுக்கு. அப்பாவின் தோள் பஞ்சுவுக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்த அம்மாவின் கையும் பஞ்சுவுக்கே.

ஒன்பது வயதில் பெரியவள் ஒரு காரியம் செய்தாள். பழைய கம்பளி அடுக்கிய அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தனக்கும் ராட்சசன் வரட்டும் என்று. வந்தது நாலு தும்மல். அதோடு, கம்பளியைக் கலைத்ததற்கு இரண்டு அடி.

இப்போது பஞ்சுவுக்கு ராட்சசனும் போய்விட்டான். எட்டு மாதமாக மாதம் ஓர் ஊசி. முகத்தில் சதை போட்டுவிட்டது, நடையில் துள்ளல். போன மாதம் அலுவலக நண்பர்களோடு மலையேறி, உச்சியில் இரண்டு கையையும் விரித்து ஒரு படம். அம்மாவின் போனில் முன்பெல்லாம் அக்காவும் தங்கையும் சேர்ந்து நிற்கும் படம் இருக்கும். இன்று மேஜையில் கிடந்த போன் ஒளிர்ந்தபோது பெரியவள் பார்த்தாள். மலை, வானம், பஞ்சு.

நோயும் அவளுக்கே, குணமும் அவளுக்கே என்றால் மனுஷி என்னதான் செய்வாள்?

இதில் கொடுமை என்னவென்றால், பஞ்சுவுக்கு அந்த ஊசி கிடைக்க விண்ணப்பம் பூர்த்தி செய்ததே பெரியவள்தான்.

*

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியின் மூச்சுப் பரிசோதனை அறை பெரியவளின் ராஜ்யம். அங்கே அவளுக்குப் பெயர் ஊதக்கா. நோயாளி குழாயை வாயில் வைத்ததும் அவள் போடுகிற சத்தம் வராந்தா கோடி வரைக்கும் கேட்கும்.

"இழுங்க... இழுங்க... இன்னும் இழுங்க... ஊதுங்க! ஊது ஊது ஊது ஊது! விடாதீங்க, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊது!"

"ஏம்மா, நான் பஸ் ஓட்டறவன். டயருக்குக் காத்தடிக்கவா வந்திருக்கேன்?" என்பார் யாராவது ஒருவர்.

"டயரா இருந்தா நான் இவ்வளவு கத்த மாட்டேன். அது சொன்னா கேட்கும்."

அந்தப் பெரிய ஊதல், மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று காட்டும். அறையில் இன்னொரு சின்ன இயந்திரமும் உண்டு. அது வேறு ஜாதி. அதில் பலமாக ஊதக் கூடாது. திரையில் ஒரு மேகம் தெரியும். மேகம் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் இரண்டு கோட்டுக்கு நடுவே மிதக்கும்படி சீராக மூச்சு விட வேண்டும். ஒரு நிமிடத்தில் ஓர் எண் வரும். காற்றுக்குழாயின் உள்சுவர் எவ்வளவு அழன்று வீங்கியிருக்கிறது என்பதன் அடையாளம் அந்த எண். இருபத்தைந்துக்குக் கீழே என்றால் சமாதானம். ஐம்பதுக்கு மேலே என்றால் உள்ளே அழற்சி.

பஞ்சுவுக்குப் போன வருடம் நூற்றுப்பத்து. அதுவும் தினசரி மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டே!

திங்கட்கிழமை காலை பெரியவள் டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

"டாக்டர், அந்த ஊசித் திட்டத்துல நமக்கு இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்காமே?"

"இருக்கு. அடுத்த வாரம் மாசக் கடைசி, லிஸ்ட் போகணும். ஏன், யாராவது கேட்டாங்களா?"

"நான்தான் கேட்கறேன். எனக்கு."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "உங்க நம்பர் என்ன?"

"இருபத்தொண்ணு."

"அப்புறம் எதுக்கு ஊசி? உங்களுக்குத் தினமும் எடுக்கிற பழுப்பு இன்ஹேலரே கேட்குது. உங்க தங்கைக்கு அது கேட்கலை. ரத்தத்துல இருக்கிற இயோசினோபில் அணுக்கள், பாவம், புழு பூச்சியை விரட்ட வேண்டியதுங்க. எதிரியே இல்லாத இடத்துல கும்பலா போய் உட்கார்ந்துக்கிட்டு சொந்தக் குழாயையே கடிச்சிட்டு இருந்தது. குழாய் எந்நேரமும் கோபமா இருந்தா ஒரு சின்ன சளி போதும், அட்டாக். ஊசி அந்தக் கும்பலுக்குப் போற அழைப்பையே நிறுத்துது. உங்களுக்குத் தெரியாததா? நீங்கதானே எல்லாருக்கும் விளக்கறீங்க."

"ஐம்பதைத் தாண்டினா?"

"மருந்து ஒழுங்கா எடுத்தும் ஐம்பதைத் தாண்டினா யோசிக்கலாம். தாண்ட வேண்டாம்னு வேண்டிக்குங்க." சிரித்துவிட்டு, "அடுத்த வாரம்னா சொன்னேன்? தப்பு. அடுத்த மாசக் கடைசி. ஆறு வாரம் இருக்கு," என்று நாட்காட்டியைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்.

ஆறு வாரம்.

அன்று சாயங்காலம் பெரியவள் புத்தம் புதுப் பழுப்பு இன்ஹேலரை உறை பிரித்தாள். அதன் முதுகில் இருந்த சின்ன ஜன்னலில் நூற்றிருபது என்று இருந்தது. ஒரு முறை அழுத்தினாள். பழக்க தோஷத்தில் இன்னொரு முறையும் அழுத்தினாள். நூற்றுப்பதினெட்டு. அப்புறம் மூடியைப் போட்டு, கைப்பையின் உள் அறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

முட்டாளா அவள்? பன்னிரண்டு வருடமாக, "இளைப்பு இல்லைன்னு இதை நிறுத்திடாதீங்க, நீல இன்ஹேலர் குழாயைத் திறக்கும், அவ்வளவுதான், உள்ளே அழற்சியை அடக்கறது இந்தப் பழுப்புதான்" என்று நோயாளிகளிடம் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவள். தெரியாமல் செய்யவில்லை, அளந்து செய்யலாம் என்று நினைத்தாள். கையில் அளக்கிற இயந்திரமே இருக்கும்போது என்ன பயம்? ஐம்பதைத் தாண்ட வேண்டும், பட்டியலில் ஏற வேண்டும், மறுபடி மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும். கணக்கு கச்சிதமாக இருந்தது.

*

ஆஸ்பத்திரியில் ஒரு விதி. முதல் நோயாளி வருவதற்கு முன் தினமும் இளைப்பு இல்லாத பணியாளர் ஒருவர் சின்ன இயந்திரத்தில் ஊத வேண்டும். எண் நேற்றைக்கு வந்தது போலவே வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இந்த வேலையை வரவேற்பு மேஜைப் பெண் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய எண் எந்நாளும் பதினாலு. சிரித்தாலும் அழுதாலும் பதினாலு.

"நீ எதுக்கும்மா காலங்காத்தால மெனக்கெடறே? நானே ஊதிக்கிறேன், போ," என்று பெரியவள் பெருந்தன்மையாகச் சொன்னாள்.

அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். ஐந்து நிமிடம் கூடுதலாகக் கண்ணுக்கு மை இட்டுக்கொள்ளலாமே. அவள் பெயர் போட்ட காலைச் சோதனைத் தாளிலேயே பெரியவள் தன் எண்ணை எழுதி வந்தாள்.

முதல் வாரம் இருபத்தெட்டு. இரண்டாம் வாரம் முப்பத்தொன்பது. மேகம் கோட்டுக்கு நடுவே மிதக்க மிதக்கப் பெரியவள் எண்ணுக்குக் காத்திருப்பாள். பரீட்சை முடிவு பார்க்கிற பெண்ணைப் போலத் திரையைப் பார்ப்பாள். மூன்றாம் வாரம் ஐம்பத்தாறு வந்தபோது, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கையைத் தட்டிக்கொண்டாள்.

ஆச்சரியம் என்னவென்றால், அவளுக்கு ஒன்றுமே செய்யவில்லை. மாடி ஏறினால் எப்போதும் வருகிற இளைப்புதான். நீலத்தை ஓர் அழுத்து அழுத்தினால் அடங்கிவிட்டது. இருமல்கூட இல்லை. இவ்வளவுதானா அழற்சி? இதற்குத்தான் பஞ்சு அத்தனை ஆர்ப்பாட்டம் செய்தாளா? பதினாலு முறை ஆஸ்பத்திரி, பதினாலு முறை அம்மாவைக் கட்டிலோடு கட்டிப்போட்டது, எல்லாம் நடிப்பாகத்தான் இருக்குமோ?

இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

ஐந்தாம் வார ஞாயிறு. அம்மா வீட்டில் பஞ்சு தும்மிக்கொண்டிருந்தாள். மூக்கு தக்காளியாய்ச் சிவந்திருந்தது.

"ஐயையோ, சளி பிடிச்சிருக்கே!" அம்மா பதறிப்போய் வெந்நீரோடு ஓடி வந்தாள். "முதுகைக் காட்டுடி, சத்தம் வருதான்னு கேட்கறேன்."

"வரலைம்மா. விடும்மா." பஞ்சு சிரித்தாள். "அக்கா, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையா சளி வெறும் சளியா வந்திருக்கு. எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா, சும்மா தும்மறது!"

இவளுக்குத் தும்மலில்கூடப் பெருமை! பெரியவள் எதிரே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள். பஞ்சு குடித்துவிட்டு வைத்த தம்ளரை அம்மா கழுவாமலேயே நிரப்பி நீட்ட, கவனிக்காமல் வாங்கிக் குடித்தும்விட்டாள்.

மறுநாள் டாக்டரம்மா முன்னால் முறையான பரிசோதனை. எழுபத்தொன்பது.

"என்னம்மா இது? மருந்தை விட்டுட்டீங்களா?"

"ஐயோ, தினமும் காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு," என்று கூசாமல் சொன்னாள்.

டாக்டரம்மா யோசித்தார். பிறகு இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கிய காலைச் சோதனைத் தாளை எடுத்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பதினாலு, பதினாலு, இருபத்தொன்று, இருபத்தெட்டு...

"மெஷின் கெட்டுப்போச்சு!" என்றார். "ரிசப்ஷன் பொண்ணுக்கு எப்படி எழுபத்தாறு வரும்? நல்ல வேளை, பார்த்தேன். இல்லைன்னா உங்க நம்பரை நம்பி லிஸ்ட்ல போட்டிருப்பேன். இன்ஜினியரைக் கூப்பிடுங்க."

பார்த்துப் பார்த்து வளர்த்த எண்ணைப் பெரியவள் தன் கையாலேயே செல்லாக்காசாக்கிவிட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் வந்து இயந்திரத்தைக் குடல் குடலாகப் பிரித்தார். உணரியை மாற்றினார். தானே ஊதினார்: பதினாறு. வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டு ஊத வைத்தார்: பதினாலு. "மெஷின்ல ஒரு குறையும் இல்லை. ஊதினவங்கதான் யாருன்னு பாருங்க," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். பெரியவள் காது கேட்காதவள் மாதிரி மேஜையைத் துடைத்தாள்.

துடைக்கும்போது தொண்டை கரகரத்தது. இரண்டு தும்மல்.

*

புதன்கிழமை பஞ்சுவின் ஊசி நாள். வழக்கம் போல் அம்மாவும் கூட வந்து கதவோர நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசிக்கு முன்னால் பெரிய ஊதல் உண்டு. பஞ்சு மூக்குக்குக் கிளிப் மாட்டி, குழாயைக் கடித்துக்கொண்டு தயாரானாள்.

பெரியவளுக்குக் காலையிலிருந்தே மார்பில் யாரோ பெல்ட் போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. நீலத்தை இரண்டு முறை அழுத்தியாகிவிட்டது. அப்புறம் நான்கு முறை. அடங்கினால்தானே!

"இழு... இழு... நல்லா இழு... ஊது! ஊது, ஊது, ஊ..."

இருமல் வந்தது. ஒன்றோடு நிற்கவில்லை, சங்கிலி மாதிரி ஒன்றைப் பிடித்து ஒன்று வந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி பெரியவளே, புரை ஏறிடுச்சா?" என்றாள் அம்மா. பதினாலு முறை பார்த்த அம்மா!

"ஒண்ணு... மில்... லை..."

ஒரு வார்த்தைக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. உள்ளே போகிற காற்று ஊசிக் கண்ணில் நூல் கோக்கிற மாதிரி போயிற்று. போன காற்று வெளியே வர மறுத்தது. மார்பு நிறைந்து நிறைந்து வெடிக்கப் பார்த்தது. சுவர், ஜன்னல், சின்ன இயந்திரம் எல்லாம் ஓரத்திலிருந்து கறுக்க ஆரம்பித்தன. ஐந்து வாரமாகச் சத்தமே போடாமல் வீங்கிக் கிடந்த குழாய்க்கு, பஞ்சுவின் மூக்கைச் சிவக்க வைத்த அதே சளி வந்து சேர்ந்திருந்தது. பஞ்சுவுக்குத் தும்மல். அவளுக்கு இது.

பஞ்சு குழாயைத் துப்பினாள். "அம்மா, இது புரை இல்லை! நகரு!"

அக்காவை நாற்காலியில் குனிந்தாற்போல உட்கார வைத்தாள். நீல இன்ஹேலரைப் பிடுங்கி அழுத்தினாள். பெரியவளின் மார்பிலிருந்து விசில் அடிப்பது அறை முழுக்கக் கேட்டது. திடீரென்று அந்த விசில் தேய்ந்து நின்றது.

"அப்பாடா," என்றாள் அம்மா, நெஞ்சில் கை வைத்து. "சத்தம் நின்னுடுச்சு."

பஞ்சுவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "சத்தம் நின்னா நல்லதில்லைம்மா! காத்தே போகலைன்னு அர்த்தம்!" பாய்ந்து போய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். மூக்கில் கிளிப் இன்னும் இருந்ததால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "யாராவது வாங்க! ஆக்சிஜன்! சீக்கிரம்!"

அப்போதுதான் அம்மா ஓடி வந்து பெரியவளின் முதுகில் கை வைத்தாள்.

முப்பத்தைந்து வருடமாக ஏங்கிய கை. பஞ்சுவின் முதுகில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த கை. அது இப்போது பாறாங்கல் மாதிரி அழுத்தியது. இருக்கிற துளி மூச்சையும் வெளியே தள்ளியது. பெரியவள் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அதைத் தட்டிவிட்டாள்.

"கையை எடும்மா," என்றாள் பஞ்சு. "முதுகுல கை வச்சா மூச்சு முட்டும். எனக்கும் அப்படித்தான் இருக்கும். உன் மனசு நோகுமேன்னு ஒரு நாளும் சொன்னதில்லை."

சக்கர நாற்காலி வந்தது. முகமூடி வந்தது. கையில் ஊசி ஏறியது. பெரியவளுக்குக் கடைசியாகத் தெரிந்தது, கிளிப் மாட்டிய மூக்கோடு கூடவே ஓடி வருகிற தங்கையின் முகம்.

*

வியாழன் காலை பத்து மணி. கட்டிலைப் பாதி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பெரியவளால் இப்போது ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. அம்மா கால்மாட்டில், பஞ்சு பக்கத்து நாற்காலியில், அக்காவின் கைப்பையில் சீப்பு தேடிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கையில் தாளோடு வந்தார். "பயங்காட்டிட்டீங்களே அம்மா! பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா கதையே வேற. ரத்தம் பார்த்தோம். இயோசினோபில் எகிறிக் கிடக்கு. மெஷின் மேல சந்தேகப்பட்டேன், தப்பு என்னோடது. எழுபத்தொன்பது நிஜம்தான். காலைத் தாள்ல யார் என்ன எழுதினாங்கன்னு அப்புறம் பார்த்துக்கலாம்." தாளைப் புரட்டினார். "நம்பரும் இருக்கு, ரத்தமும் இருக்கு, இப்போ அட்டாக்கும் வந்தாச்சு. இனிமே யாரும் கேள்வி கேட்க முடியாது. கடைசி இடம் உங்களுக்குத்தான். மத்தியானம் லிஸ்ட்டை அனுப்பறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டு எழுதிக்கணும். தினசரி மருந்து விடாம எடுத்தீங்கதானே?"

"அவளா?" என்று அம்மா முந்திக்கொண்டாள். "கடிகாரம் மாதிரி டாக்டர்."

பெரியவள் பேச வேண்டிய அவசியமே இல்லை. கேட்டது தட்டில் வைத்து வருகிறது. தலையை ஆட்டினால் போதும்.

அப்போது பஞ்சுவின் கை பைக்குள் நின்றது. உள் அறையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தது பழுப்பு இன்ஹேலர். இருபது வருடமாக அந்த வஸ்துவோடு குடித்தனம் நடத்தியவள் பஞ்சு. கை தானாக அதைத் திருப்பியது. ஒட்டியிருந்த சீட்டில் ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதி. முதுகு ஜன்னலைப் பார்த்தாள்.

நூற்றுப்பதினெட்டு.

பஞ்சு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். உடைந்தது குட்டு. இனி இவள் வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

பஞ்சு இன்ஹேலரைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"நானே கண்ணால பார்த்திருக்கேன் டாக்டர். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. ஒரு நாள் தவறினதில்லை."

சொல்லிவிட்டு, போர்வைக்கு மேலே அக்காவின் பாதத்தை மெல்ல ஓர் அமுக்கு அமுக்கினாள். கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற அமுக்கு.

அந்த அமுக்குதான் பெரியவளின் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

டாக்டரம்மாவின் பேனா தாளைத் தொட்டது. இனி மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்ளும்போதெல்லாம் இந்த அமுக்கு ஞாபகம் வரும். மாடியில் தாவி ஏறினால் பஞ்சு கொடுத்த கால். மலையுச்சியில் நின்றால் பஞ்சு கொடுத்த மூச்சு. அம்மாவின் போனில் அவள் படம் வந்தால்கூட, அது பஞ்சு பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்த இடம். சாகிறவரைக்கும் இவள் தயவில் இருப்பதா?

"அவ பொய் சொல்றா டாக்டர்," என்றாள் பெரியவள்.

பேனா நின்றது.

"அக்கா!"

"பையில இன்ஹேலர் இருக்கு. நம்பரைப் பாருங்க. அஞ்சு வாரத்துல ரெண்டு தடவைதான் அழுத்தியிருக்கேன். ஐம்பதைத் தாண்டணும்னு நான்தான் நிறுத்தினேன். காலைத் தாள்ல இருக்கிறதும் என் மூச்சுதான், ரிசப்ஷன் பொண்ணோடது இல்லை."

டாக்டரம்மா பையை வாங்கவில்லை. பெரியவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜினியர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பிரிச்சாரே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"நேத்து இந்த வார்டுக்கு வரும்போது உங்க உதடு நீலமா இருந்தது. பன்னிரண்டு வருஷம் என் கிட்ட வேலை பார்த்த பொம்பளை!" டாக்டரம்மாவின் குரல் உடைந்து, உடனே கடுமையாயிற்று. தாளில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். "இந்த இடம், மருந்து எடுத்தும் அடங்காதவங்களுக்கு. உங்களுக்கு எடுத்தா அடங்கும். இது அப்படிப்பட்டவங்க யாருக்காவது போகும். காலைச் சோதனை விவகாரத்தை நீங்க வேலைக்குத் திரும்பின அன்னிக்குப் பேசிக்கலாம், அது சும்மா போகாது. நர்ஸ், இவங்களுக்குப் பழுப்பு இன்ஹேலர். என்னோட உத்தரவு, யாராவது ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்க்கணும்."

அவர் போனதும் அம்மா கால்மாட்டிலிருந்து கிட்டே வந்தாள். "ஏண்டி?" என்றாள். "ஏண்டி இப்படிப் பண்ணினே?"

பெரியவள் என்னத்தைச் சொல்வாள்? உன் போனில் இருக்கிற படத்துக்காக என்றா? "சும்மா," என்றாள்.

"சும்மாவா? சும்மா சாகப் பார்த்தியா?" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

பஞ்சு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கையில வந்ததைக் கெடுத்துட்டியே. வாயை மூடிட்டு இருந்திருந்தா ஊசி கிடைச்சிருக்கும்."

"உன் தயவுல எனக்கு எதுவும் வேண்டாம்."

"பொறாமை பிடிச்சவ."

"ஆமா."

பஞ்சு இதை எதிர்பார்க்கவில்லை. "ஆமான்னா?"

"ஆமான்னா ஆமாதான். ரெண்டு தடவை சொல்லணுமா? மூச்சு வாங்குது."

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" பஞ்சு சிரிக்கப் போய்த் தும்மினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு முகத்துல நெபுலைசர் மாஸ்க் வச்சிருக்கும்போது நீ கதவு இடுக்குல நின்னு பார்ப்பியே, ஒரு பார்வை. அந்த மிரட்டல்லயே எனக்குப் பாதி சரியாயிடும்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று அடக்கினாள். நர்ஸ் வந்து பழுப்பு இன்ஹேலரைக் குலுக்கி நீட்டினாள்.

"யார் பக்கத்துல நின்னு பார்க்கப் போறீங்க?"

"நான்தான்!" என்று பஞ்சு எழுந்து நின்றாள். "இங்க கொடுங்க. அக்கா, நிமிர்ந்து உட்காரு. மூச்சை முழுசா விடு. உதட்டை இறுக்கிக்கோ. மெதுவா இழு... மெதுவா, மெதுவா, அவசரப்படாதே..."

"ஏய், ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவ நான்."

"சொல்லிக் கொடுத்தே, செஞ்சியா? இழு!"

இழுத்தாள். மருந்து கசப்பாகத் தொண்டையில் பட்டது.

"இப்போ பத்து எண்ணுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. ஒண்ணு..." பஞ்சு விரலை மடக்கினாள். கண்ணில் விஷமம் மின்னியது. "அடுத்த மாசம் நான் நீச்சல் கத்துக்கப் போறேன். ரெண்டு... அம்மாவும் கூட வரா, கரையில உட்கார்ந்து பார்க்க. மூணு... ஊதா கலர்ல டிரெஸ் கூட எடுத்துக் கொடுத்துட்டா. நாலு..."

பெரியவளின் கண்கள் பிதுங்கின. பதில் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. நல்ல பதில், கூரான பதில். வாயைத் திறந்தால் மருந்து போய்விடும்.

"அஞ்சு... நீந்தும்போது மூச்சு விடற விதமே தனியாம்க்கா. ஆறு... எனக்குச் சுலபமா வரும்னு மாஸ்டர் சொல்றார். ஏழு... முறைக்காதே, எண்ணிக்கை தப்பிடும். ஒம்பது... இல்லை, எட்டு. ஒம்பது... பத்து. விடு."

பெரியவள் மூக்கு வழியாக மெதுவாக விட்டாள். முழுசாக விட்டாள். விசில் இல்லை. உள்ளே நிறைய இடம் இருந்தது. ஒரு நீண்ட திட்டுக்குப் போதுமான காற்றை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"இன்னொரு தடவை அழுத்தணும்," என்றாள் நர்ஸ்.

பஞ்சு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.